முப்பத்தொன்பதாவது கோடு

இழுவலையில் மூச்சுமுட்டிச் செத்துக் கரையொதுங்கும் ஆமைகளை எங்கள் குப்பத்துப் பெண்கள் குழு விடிந்ததும் கணக்கெடுக்கும். மறுநாளும் அதையே எண்ணிவிடாதபடி ஒவ்வொரு ஓட்டிலும் நான் சிவப்பு பெயிண்டால் கோடு இழுப்பேன். செங்கேணி நோட்டில் எழுதுவாள். முதல் வாரம் இருவரும் அழுதோம். இப்போது மூக்கைக்கூட மூடுவதில்லை.

இழுவலைப் படகில் போன அவள் புருஷன் திரும்பி வராமல் ஐந்து நாளாகியிருந்தது. அவள் தலை நிமிராமல் எழுதிக்கொண்டே வந்தாள். மணல் பாதி மூடியிருந்த முப்பத்தொன்பதாவதன் மேல் கோடு இழுத்தேன். பிரஷ் வழுக்காமல் துணியில் சிக்கியது. பொங்கலுக்கு அவள் தன் புருஷனுக்கு எடுத்துக்கொடுத்த பச்சைச் சட்டை.

“செங்கேணி, கிட்ட வராதடி.”

வந்தாள். சட்டையைப் பார்த்தாள். கோட்டைப் பார்த்தாள்.

“முப்பத்தொம்போது தானேக்கா?” என்று கேட்டுவிட்டு எழுதினாள்.