சேதம் பார்க்க வந்த ஜீப்

ஜீப்பின் பின்சக்கரம் கரிசலில் பாதி புதைந்ததும் எஸ்தர்ராணிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மழைச் சேதம் பார்க்க வந்த அதிகாரிகள் வேறு வழியில்லாமல் இறங்கினார்கள். இறங்கிய வேகத்தில் சேறு அப்பி, ஷூ ஒவ்வொன்றும் ஆட்டுக்கல் கனம் கனத்தது.

மழை விட்டு இத்தனை நாளாகியும் இந்தப் பாதை காயவில்லையே என்று டிரைவர் அலுத்துக்கொண்டார்.

போன வருஷம் வந்தவர்கள் வண்டியின் கண்ணாடியைக்கூட இறக்கவில்லை. காயிலேயே முளைத்துப் பாழான உளுந்தும் ஓடுகிற வண்டிக்குப் பச்சையாகத்தான் தெரியும். சேதமில்லை என்று போய்விட்டார்கள். நிவாரணம் வராமல், எஸ்தர்ராணி கம்மலை விற்றுத்தான் இந்த வருஷ விதையை வாங்கினாள். அந்த உளுந்தும் போயிற்று. இனி விற்க அவளிடம் ஒன்றுமில்லை.

ஜீப்பை இழுக்க மாயகிருஷ்ணனின் டிராக்டருக்கு ஆள் போயிருந்தது. மனுஷன் அன்றைக்கென்று பார்த்து ஆடி அசைந்து வந்துகொண்டிருந்தார்.

பெரிய அதிகாரிக்கு நின்று நின்று சலித்துவிட்டது. பக்கத்திலிருந்த எஸ்தர்ராணியின் வயலுக்குள் நடந்தார்.

"எல்லாம் மக்கள் வரிப்பணம்மா. கண்ணால பாக்காம எப்படிக் குடுக்கிறது?"

"நல்லாப் பாருங்க சார். தீப்பெட்டி வாங்கையில நானும் வரி கெட்டுதேன்லா."

அவர் சிரித்துவிட்டார். குனிந்து ஒரு காயைப் பிதுக்கினார். உள்ளே பருப்பு இல்லை, முளைவிட்டுக் கருகிய சக்கைதான் இருந்தது. அடுத்த செடியைப் பார்த்தார். அடுத்த வயலுக்கும் போனார். கூட வந்தவர்களைக் கூப்பிட்டுப் படம் எடுக்கச் சொன்னார்.

அத்தனையும் சேதம்தான் என்று அவர் வாயாலேயே சொன்னபோது எஸ்தர்ராணிக்குக் கண் நிறைந்துவிட்டது. அடுத்த வருஷம் விதைத்துவிடலாம்.

அதற்குள் டிராக்டர் வந்து சேர்ந்தது. ஒரே இழுப்பில் ஜீப் வெளியே வந்தது. அதிகாரி மாயகிருஷ்ணனின் கையைப் பிடித்து நன்றி சொன்னார். ஜீப் அடுத்த ஊருக்குக் கிளம்பியது.

அது வளைவில் திரும்பும்வரை கும்பிட்டபடி நின்ற மாயகிருஷ்ணன், சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

"ஏலே காசிராஜா, இங்கன சோலி முடிஞ்சுது, ஜீப்பு அங்கனதான் வருது. டேங்கர் தண்ணியப் பாதையில ஊத்தியாச்சா? உளுந்துக் காட்டுக்கு நேரா ஊத்துலே!"