மேசையை எடுக்க ஒரு தீர்மானம்

வேல்ஸ் மழை சன்னலை விடுவதாயில்லை. பல்கலைக்கழக மாணவர் ஒன்றியத்தின் மாடி அறையில், சங்கங்களுக்கு உதவும் மேசையில் டாம்சின் உட்கார்ந்திருக்கிறாள். காலையில் வகுப்பு, மதியத்துக்குமேல் இந்தப் பகுதிநேர வேலை. கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் நேரமெல்லாம் அவளுக்குச் சொந்தக் கருத்து கிடையாது. மாணவர்கள் எதை மாற்றக் கேட்டாலும் ஒன்றியக் கூட்டத்துக்குத் தீர்மானம் எழுத உதவ வேண்டும். எதிரே மலையேற்றச் சங்கத்து ரோட்ரி, தோளில் நனைந்த கயிற்றுச் சுருளோடு நிற்கிறான். அவன் நீட்டிய தாளில் ஒரே வரி: இந்த உதவி மேசையை எடுத்துவிட்டு, அறையைக் கயிறு உலர்த்தக் கொடுக்க வேண்டும்.

"உன்மேல ஒண்ணும் கோபமில்ல, டாம். வேற எங்க காயப்போடறது, சொல்லு? உன் தலையிலயா?"

"காரணமே எழுதலியே. இப்படிக் கொடுத்தா எடுத்த எடுப்புலயே தூக்கிப் போட்டுடுவாங்க."

"அதுக்குத்தானே உங்கிட்ட வந்தேன்!"

டாம்சின் பேனாவை எடுக்கிறாள். கை பழக்கத்தில் ஓடுகிறது. 'சங்கங்கள் யார் உதவியும் இல்லாமல் தாங்களே தீர்மானம் எழுதிக்கொள்ளும்' என்று எழுதி முடித்தபிறகுதான் அவளுக்கு உறைக்கிறது. தன் வேலை போவதற்கான வரியைத் தானே எழுதிக் கொடுத்திருக்கிறாள். அட்டையைக் கழற்றிவிடலாமா என்று விரல்கள் கழுத்துக்குப் போகின்றன. நாடாவைத் தடவிவிட்டுத் திரும்பி வருகின்றன. கயிற்றிலிருந்து நீர் மேசைமேல் சொட்டுகிறது. ரோட்ரி அந்த வரியை உரக்கப் படிக்கிறான். அவன் முகம் மலர்கிறது. கேலி செய்கிறானோ என்று அவன் கண்களைப் பார்க்கிறாள். இல்லை.

"பிரமாதம்!" என்கிறான். "அடுத்த வாரமும் நீதானே இருப்ப? கூட்டத்துல நான் பேச வேண்டியதையும் எழுதிக் குடுத்துடு."