காந்த அறைக்குள் வந்த அண்ணன்

திருப்பதி ஆய்வகத்தின் இருட்டறையில், குவாண்டம் புள்ளிகள் என்கிற கண்ணுக்கே தெரியாத குறைகடத்தித் துகள்கள் லேசர் பட்டு ஒளிர்கின்றன. சுற்றியுள்ள ராட்சதக் காந்தத்தின் விசை ஏற ஏற, திரையில் அந்த ஒளியின் ஒற்றைக் கோடு இரண்டாகப் பிளக்கிறது. ஆராய்ச்சி மாணவி கன்னிகா இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கதவு படாரென்று உடைகிறது. கார்வேட்டிநகரத்திலிருந்து வந்திருக்கும் அண்ணன் வேங்கடாசலம் இரும்புக் கம்பியோடு நிற்கிறான்.

"நாளிக்கு நிச்சயத்த வச்சிக்கினு இங்க இன்னாடி பண்ணிக்கினு கீற?"

"கிட்ட வராதண்ணா! கம்பிய காந்தம் இழுத்துடும்!"

அவன் ஓங்குகிறான். கம்பி, அதைப் பிடித்திருந்த கையையும் இழுத்துக்கொண்டு காந்தத்தில் போய் மோதுகிறது. விரல்கள் நொறுங்குகின்றன. அடிபட்ட காந்தம் விசையிழந்து கம்பியை விடுகிறது. அதைக் குளிர்விக்க உள்ளே உறைகுளிரில் இருந்த திரவ ஹீலியம் வெண்புகையாகச் சீறிக் கிளம்பி அறையின் காற்றை விரட்டுகிறது. வாசல்வரை ஓடிவிட்ட கன்னிகா திரும்பிப் பார்க்கிறாள். அவன் எழவில்லை. தரையோடு தரையாகத் தவழ்ந்து போய், சட்டைக் காலரைப் பிடித்து அவனை வராந்தாவுக்கு இழுத்து வந்து, தலையை மடியில் வைத்துக்கொண்டு போன் செய்கிறாள்.

"என் கை போச்சுடி..."

"மொதல்ல மூச்சு வுடு. ஆம்புலன்சுக்குச் சொல்லிட்டேன். போலீசுக்கும் சொல்லிட்டேன்" என்கிறாள், அவன் தலையை மடியிலிருந்து இறக்காமலே.