மாற்று ஆள்

தோட்டத்துக்குள் புல்டோசர் உறுமியது. பாப்டிஸ்ட் சபைப் பாஸ்டர் ஜெபநேசன் வாசலை விட்டு அசையவில்லை. பழைய கடற்படைச் சீருடை, நெஞ்சில் பதக்கங்கள்; காலில் மட்டும் சப்பாத்து இல்லை.

"செண்டாயான்ல உங்களுக்குப் புது சர்ச்சே கட்டிக் கொடுத்தாச்சு. இன்னும் என்னா வேணும் பாஸ்டர்? நவுருங்கலா!" என்று கத்தினார் தோட்டத்தை வாங்கிய கம்பெனியின் மேனேஜர் குணாளன்.

"நான் நேவிக்காரன். மாத்து ஆள் வராம காவல விட்டு எறங்கமாட்டேன். ஏத்துறதுன்னா என் மேல ஏத்து!"

சாயங்காலம்வரை வெயிலில் அப்படியே நின்றார். சிரம்பான் கோர்ட்டில் தடையுத்தரவு வாங்கிக்கொண்டு மோட்டாரில் ஒருவர் வந்திறங்கினார். பாஸ்டர் விறைப்பாக சல்யூட் அடித்துச் சாவியை நீட்டினார்.

"எல்லாம் பத்திரமா இருக்கு பூசாரி. அந்திப் பூசைக்கு மணி அடிங்க."

மாரியம்மன் கோயில் படிக்குக் கீழே கழற்றி வைத்திருந்த சப்பாத்தை மாட்டிக்கொண்டு, குணாளனைத் திரும்பியும் பாராமல் நடந்தார்.