இன்னொரு பாட்டு

"கைதட்டலை வெளியிலேர்ந்து வாங்கி ரெக்கார்டிங்ல ஒட்டற வேலைலாம் நம்மகிட்ட ஆவாது. இன்னொரு பாட்டுன்னு ஜனம் தானா கேக்கணும். இல்லாட்டி லைவ் ஆல்பமே வேணாம்" என்றான் சாம்சன். 'கொதிகலன்' ஹெவி மெட்டல் குழுவின் தலைவன், பாடகன், கொள்கைபரப்புச் செயலாளர் எல்லாம் அவனே.

மண்ணூர் கல்யாண மண்டபத்தில் இரண்டு முறை பதிவு செய்தும் ஜனம் பாதியில் எழுந்து போயிருந்தது. இதுதான் கடைசி முயற்சி. மேடையில் மட்டும் விளக்கு. தொண்டை கிழியப் பாடி முடித்தான்.

இருட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. "ஏண்ணே நிறுத்திட்டிய? இன்னொரு பாட்டு பாடுங்க."

மண்டபமே சேர்ந்து கத்தியது. டிரம்ஸ் ஷெர்லின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மேலும் நான்கு பாட்டு. ஒவ்வொன்று முடிந்ததும் அதே கூச்சல்.

விளக்கு வந்ததும் சாம்சன் கீழே இறங்கி, முதலில் குரல் கொடுத்த தென்காசிக்காரன் சண்முகசுந்தரத்தைக் கட்டிக்கொண்டான்.

"எந்தப் பாட்டு தம்பி புடிச்சிது?"

"பாட்டாண்ணே? எங்க ஹாஸ்டலு, கம்பெனில தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பை ஒட்டி இருக்கு. ராப்பகலா அந்த டமால் டமால்லயே தூங்கிப் பழகிட்டோம். மெயின்டனன்ஸுன்னு ஒரு வாரமா மிஷினை நிறுத்திட்டாங்க, ஒருத்தனுக்கும் தூக்கமில்ல. இங்க சத்தம் கேட்டுது, ஓடியாந்து படுத்தோம். நீங்க நிறுத்தும்போதெல்லாம் முழிப்பு தட்டிருச்சு."

சாம்சன் கட்டியிருந்த கையை எடுத்தான். பிறகு ஒலிப்பதிவு செய்த நிலவனிடம் திரும்பினான்.

"கத்துனது பதிவாயிகீதா?"

"ஆயிகீது. கூடவே குறட்டையும்."

"இருக்கட்டும். வெளியிலேர்ந்து வாங்கி ஒட்டல இல்ல?"