வாளியில் விழுந்த சிப்பிகள்

"நித்திரையாக்கிப்போட்டு ரெஸ்ற் செய்தா பிள்ளைக்கு எப்பிடி மிஸ் கேட்கும்? நித்திரையில எனக்கும்தான் கேட்காது!"

போன முறை செய்த பரிசோதனையில் பிள்ளைக்குக் கேட்கவில்லை என்று வந்ததைப் பற்றித் தனஞ்சயன் இப்படிச் சொன்னதற்கு, செவிப் பரிசோதகர் றிஷானா சிரித்தபடியே செவிப் பரிசோதனை அறையின் கதவைச் சாத்தினாள். திருமலைத் துறைமுகத்தின் இரைச்சல் சட்டென்று அறுந்தது. அவன் வேலைத்தளத்திலிருந்து நேரே வந்திருந்தான். பாரந்தூக்கி ஓட்டும்போது போடுகிற காதுமூடி இன்னும் கழுத்தில் தொங்கியது. மடியில் மூன்று வயது யதுர்சன், தகப்பனின் நெஞ்சில் முதுகைச் சாய்த்திருந்தான்.

"அப்ப இண்டைக்கு முழிச்சிருக்கேக்க பாப்பம். கேட்டா ஒப்பரேசன் தேவையில்லை. கேட்காட்டித்தான் காதுக்குள்ள, கேட்கவைக்கிற கொக்ளியர் கருவி."

"கேட்கும் மிஸ். கப்பல் ஊதினா என்ர தோளில இருந்து துள்ளுறவன். தாய்க்காரிதான் ஒப்பரேசன் எண்டு ஒற்றைக்கால்ல நிக்கிறா. பிள்ளையின்ர தலையில கத்தி வைக்க நான் விடமாட்டன்."

றிஷானா மேளமொன்றைத் தட்டி, சிப்பியொன்றை வாளிக்குள் போட்டு, சத்தம் வந்தால் சிப்பி போடுகிற விளையாட்டைப் பிள்ளைக்குக் காட்டினாள். பிறகு கண்ணாடிக்கு அப்பால் போய் இருந்தாள்.

ஒலிபெருக்கியில் குயில் கூவியது போல ஒரு சத்தம். டக். சிப்பி விழுந்தது.

மெல்லிய விசில். டக்.

நுளம்பின் ரீங்காரம் போல ஒன்று. தனஞ்சயனே மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் கேட்டான். டக்.

"பாத்தீங்களா மிஸ்! என்ர சிங்கம்!" அவனுக்குக் கண் கலங்கியது.

றிஷானா சிப்பிகளைப் பார்க்கவில்லை. அவனையே பார்த்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"அண்ணா, கழுத்தில கிடக்கிறதைக் காதில போடுங்கோ."

"ரெஸ்ற் இவனுக்கோ, எனக்கோ?"

"ஒருக்காப் போடுங்கோவன்."

போட்டான். கடலுக்குள் மூழ்கியதுபோல் இருந்தது. கண்ணாடிக்கு அப்பால் அவள் விரல் பொத்தானை அழுத்தியது. குமிழைத் திருகித் திருகி மறுபடி அழுத்தியது. ஒரு சிப்பியும் விழவில்லை.

யதுர்சன் கையில் சிப்பியோடு காத்திருந்தான். பிறகு திரும்பி, விளையாட்டு ஏன் நின்றுபோனது என்று கேட்பவன்போல், தகப்பனின் நெஞ்சை உள்ளங்கையால் தட்டினான்.

ஒவ்வொரு சத்தத்துக்கும் தன் மூச்சு ஒரு கணம் தடுக்கியதும், அது பிள்ளையின் முதுகில் பட்டதும் தனஞ்சயனுக்கு அப்போதுதான் விளங்கியது. காதுமூடியை மெல்லக் கழற்றினான்.

"மிஸ்… கருவி வைச்சா, என்ர தோளில இல்லாட்டியும் இவனுக்குக் கப்பல் கேட்குமோ?"