துண்டுக்குக் கீழே

அண்ணாமலையின் விலை மாதம் இரண்டாயிரத்து ஐநூறு.

கணக்கு சுலபம். அடி அண்ணாமலையில் கோதண்டராமன் வீட்டு மாடியில் இரண்டு போர்ஷன். ஜன்னலைத் திறந்தால் மலை தெரிகிற போர்ஷனுக்கு வாடகை ஒன்பதாயிரம். பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெரிகிற போர்ஷனுக்கு ஆறாயிரத்து ஐநூறு. மீதி மலைக்கு.

இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்ததே வீட்டுப் புரோக்கர் ஜியாவுல்லாதான். ஆனால் இன்றைக்கு அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்காரச் சொன்ன நாற்காலியில் உட்காரவில்லை. தோளில் கிடந்த துண்டை இடத்துக்கும் வலத்துக்கும் மாற்றிக்கொண்டே இருந்தார்.

காரணம், வீடு பார்க்க வந்திருந்த பார்ட்டி.

பெயர் ரூக்ஸார். முப்பது வயதிருக்கும். ஏதோ ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலை. தனி ஆள். புரோக்கராக வருவதென்றால் வரலாம், ஆனால் ஒரு வார்த்தையை மட்டும் வாயில் எடுக்கக் கூடாது என்று காலையிலேயே போனில் கண்டிஷன் போட்டிருந்தாள்.

'அட்ஜஸ்ட்.'

தையல்காரரிடம் கத்தரிக்கோலைப் பிடுங்கி வைத்துக்கொண்டு சட்டை தைக்கச் சொன்ன மாதிரி.

ஜியாவுல்லாவின் முப்பது வருஷப் பிழைப்பு அந்த ஒற்றை இங்கிலீஷ் வார்த்தையில்தான் ஓடியது. வாடகையைக் குறைக்கச் சொல்லவும் அதுதான், குறைக்க முடியாது என்று சொல்லவும் அதுதான். தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தால் அது. மூன்று பேர் சீட்டில் ஐந்தாவது ஆளை ஏற்றும்போது ஷேர் ஆட்டோக்காரர் சொல்வது அது. ஃபைல் நகர்வதற்கு மேஜைக்கு அடியில் நீட்டுவதும் அதுவே. மாட்டுத் தரகில் இருந்த காலத்தில் உதைக்கிற பசுவை ஒருவர் தலையில் கட்டும்போது, 'நாலு நாள்ல அட்ஜஸ்ட் ஆயிடும்' என்று பசுவின் சார்பில்கூட வாக்குக் கொடுத்திருக்கிறார்.

ரூக்ஸார் குழாயைத் திருகிப் பார்த்தாள். வலது கைச் சுண்டுவிரல் மட்டும் மடங்காமல் நீட்டிக்கொண்டு நின்றது. ஜியாவுல்லா சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மலை அங்கேயேதான் இருந்தது.

"குழா ஒழுவுதுங்க."

வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினார். "மாத்திடலாம்."

"பாத்ரூம் தாழ்ப்பா நிக்கல."

"நாளைக்கே ஆள் வரும்."

யார் செலவில் என்பதுபோல் கோதண்டராமன் நிமிர்ந்து பார்த்தார். பிறகு அவளிடம் சொன்னார்: "பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் வர்றவங்க மொட்டை மாடியில படுப்பாங்கம்மா. சத்தம் ஜாஸ்தியா இருக்கும். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்."

"அதெல்லாம் இவங்க பண்ணிக்க மாட்டாங்க சார்!" ஜியாவுல்லாவின் குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "மாடிக் கதவைப் பூட்டிடுங்க."

"இன்னா பாய், ரெண்டு பக்கமும் கமிஷன் வாங்கற ஆளு நீங்க. இன்னிக்கி இன்னா ஒரே பக்கமா சாயறீங்க?"

ஜியாவுல்லா துண்டை எடுத்துக் கோதண்டராமனின் கைமேல் போட்டார்.

மாட்டுச் சந்தைப் பழக்கம். துண்டுக்குக் கீழே கையைப் பிடித்து விரலால் விலை பேசுவது. ஒரு விரல் என்றால் நூறா, ஆயிரமா என்பது பேசுகிற இரண்டு பேருக்குத்தான் தெரியும்; சுற்றி நிற்கிறவர்களுக்கு வெறும் துண்டு. கார்த்திகை தீபத்து மாட்டுச் சந்தையில் கோதண்டராமனின் மாடுகளை ஜியாவுல்லா இப்படித்தான் விற்றுக் கொடுத்திருக்கிறார்.

ஒன்பது, என்றது கோதண்டராமனின் கை. ஜியாவுல்லா ஏழுக்கு இழுத்தார். எட்டு. ஏழு. அழுத்திய அழுத்தில் மோதிரம் சதையில் பதிந்து கோதண்டராமன் முகம் சுளித்தார். ஏழு.

மலை ஐநூறு ரூபாய்க்கு இறங்கிவிட்டது.

"சரி, எடுத்துக்குங்க," என்று கோதண்டராமன் கையை உதறிக்கொண்டார். "ஆனா ஆம்பளை இல்லாத வீடு. நாளைக்கு ஒண்ணுன்னா நான் யாரைப் போய் கேக்கறது? புரோக்கரையா?"

ஜியாவுல்லா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். புரோக்கராகத்தானே வரச் சொல்லியிருந்தாள்.

ரூக்ஸார்தான் பேசினாள், டெஸ்ட் ரிசல்ட் படித்துச் சொல்கிற குரலில்.

"இவரையே கேளுங்க. எங்கப்பாதான்."

கோதண்டராமன் இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சாவியை நீட்டினார்.

வாணியம்பாடியில் புருஷன் வீட்டிலிருந்து பெட்டியோடு அவள் வந்து நின்றது நாலு தடவை. நாலு தடவையும் ஜியாவுல்லா அந்த ஒரே வார்த்தையைச் சொல்லி பஸ் ஏற்றித் திருப்பி அனுப்பினார். நாலாவது தடவை சுண்டுவிரலில் கட்டுப் போட்டிருந்தது.

ஐந்தாவது தடவை அவள் வீட்டுக்கு வரவில்லை. புரோக்கருக்குப் போன் செய்தாள்.

படியிறங்கும்போது பாதியில் நின்றாள். "உங்க கமிஷன் எவ்ளோங்க?"

அவர் தலையை ஆட்டினார். வேண்டாம் என்றா, தெரியவில்லை என்றா, அவருக்கே விளங்கவில்லை.

ரூக்ஸார் துப்பட்டா நுனியை இழுத்து அவர் கைமேல் போட்டாள். அதற்குக் கீழே அவருடைய நாலு விரலையும் சேர்த்துப் பிடித்தாள். மடங்காத சுண்டுவிரல் அவர் புறங்கையில் குச்சிபோல உரசியது.

நாலாயிரமா என்று ஜியாவுல்லா கேட்கவில்லை; எந்த நாலு என்று அவருக்குத் தெரியும்.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு விரலை மட்டும் விட்டாள்.

மூன்று பாக்கி.